லெனனின் கேசட்டும் ஏஐயும்: 'நவ் அண்ட் தென்' பாடலில் நடந்தது என்ன?

2025 பிப்ரவரி 2 அன்று நடந்த கிராமி விழாவில், சிறந்த ராக் நிகழ்த்துதலுக்கான விருது 'நவ் அண்ட் தென்' பாட்டுக்காக பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவுக்குப் போனது. அந்தக் குழு கலைந்தது 1970இல். நால்வரில் ஜான் லெனன் 1980 டிசம்பரில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜார்ஜ் ஹாரிசன் 2001இல் புற்றுநோயில் இறந்தார். மற்ற இருவர் பால் மெக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார். விருதை வாங்கிக்கொள்ள வந்தவர் லெனனின் மகன் ஷான். விழாவையொட்டி வந்த செய்திகளில் பல ஒரே தலைப்பைச் சுற்றி வந்தன: ஏஐ உதவியுடன் உருவான பாட்டுக்கு கிராமி.

அதைப் படித்தவர்கள் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். அப்படியானால் இறந்துபோன லெனனின் குரலை கம்ப்யூட்டர் செய்துவிட்டதா?

இல்லை. பாட்டில் கேட்பது லெனன் 1970களில் தன் வீட்டில் உட்கார்ந்து பாடிய குரல்தான். ஆனால் 'இல்லை' என்று சொல்லி நகர்ந்துவிட்டால் ஏஐ என்ற சொல் இதற்குள் எப்படி நுழைந்தது என்பது விளங்காது. உண்மையில் சண்டை போட வேண்டிய விஷயங்கள் இந்தப் பாட்டில் வேறு இருக்கின்றன. அவை இந்தச் சொல்லின் சத்தத்தில் காணாமல் போய்விட்டன. ஆகவே கொஞ்சம் அடியிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் நான்கு சொற்கள்

1. சிங்கிள். ஆல்பத்துக்காகக் காத்திராமல் தனியாக விற்பனைக்கு வரும் பாட்டு. அந்தக் காலத்தில் 7 அங்குல வினைல் தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. விற்க நினைக்கும் பாட்டு ஏ பக்கம், கூடவே வருவது பி பக்கம். இரண்டுமே முக்கியம் என்று கம்பெனி அறிவித்தால் அது டபுள் ஏ-சைடு.

2. டெமோ. பாட்டு மறந்துபோகாமல் இருக்க, அல்லது மற்றவர்களுக்குப் போட்டுக் காட்ட, பாடகர் அவசரமாகப் பதிந்து வைப்பது. வெளியிடும் எண்ணத்தோடு செய்வது இல்லை. வரிகள் பாதி இருக்கும், மீதி இடத்தில் முணுமுணுப்பு இருக்கும்.

3. ட்ராக். டேப்பில் ஒலியைத் தனித்தனியாகப் பதிந்து வைக்கும் வரிசை. குரல் ஒரு ட்ராக்கிலும் டிரம்ஸ் இன்னொன்றிலும் இருந்தால், பிறகு குரலை மட்டும் ஏற்றலாம், டிரம்ஸை மட்டும் இறக்கலாம். எல்லாமே ஒரே ட்ராக்கில் விழுந்துவிட்டால் அது கொதித்து இறக்கிய சாம்பார். உப்பை மட்டும் திரும்ப எடுக்க முடியாது.

4. மிக்ஸ். இந்த ட்ராக்குகளை எந்த அளவில் சேர்த்தால் பாட்டாக ஒலிக்கும் என்று முடிவு செய்வது. அதே மூல ட்ராக்குகளை எடுத்து மறுபடி சேர்ப்பது ரீமிக்ஸ். தமிழ் சினிமாவில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்குப் புது பீட் போட்டு வேறொருவர் பாடுவது என்று அர்த்தமாகிவிட்டது. இந்தக் கட்டுரையில் அந்தப் பொருளில் வரவில்லை.

மூன்றாவது சொல்தான் முக்கியம். இந்தப் பாட்டின் கதை முழுக்க அந்தச் சாம்பார் பிரச்சினைதான்.

டகோட்டா வீட்டுப் பியானோ

மகன் ஷான் 1975 அக்டோபரில் பிறந்த பிறகு லெனன் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இசைத் தொழிலை விட்டு ஒதுங்கியிருந்தார். நியூயார்க்கில் டகோட்டா என்ற பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு. ஸ்டுடியோ பக்கம் போகாவிட்டாலும் பாட்டு எழுதுவது நிற்கவில்லை. பியானோவில் உட்கார்ந்து, சாதாரண கேசட் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பாடி வைப்பார். 1977 வாக்கில் அப்படிப் பதிந்த ஒரு டெமோதான் பின்னால் 'நவ் அண்ட் தென்' ஆனது. பிரிந்திருக்கும் ஒருவரை நினைத்து ஏங்கும் மெதுவான பாட்டு. குரலும் பியானோவும் ஒரே மோனோ பதிவு, அதாவது எல்லாம் ஒற்றை ட்ராக்கில். அவ்வளவுதான் மூலதனம்.

லெனன் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1994இல், அவர் மனைவி யோகோ ஓனோ சில கேசட்களை பால் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். கேசட்டின் மேல் 'பாலுக்காக' என்று எழுதியிருந்தது (தமிழில் படித்தால் கறவைக் கணக்கு மாதிரி இருக்கிறது, இங்கே பால் என்பது மெக்கார்ட்னி). அப்போது மிஞ்சியிருந்த மூவரும் 'ஆந்தாலஜி' என்ற பெயரில் தங்கள் வரலாற்றைத் தொலைக்காட்சித் தொடராகவும் ஆல்பங்களாகவும் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் புதிதாக ஏதாவது வேண்டும், லெனன் இல்லாமல் மூவர் மட்டும் பாடினால் அது பீட்டில்ஸ் இல்லை. கேசட் சரியான நேரத்தில் வந்தது.

அதிலிருந்து இரண்டு பாட்டுகளை முடித்து வெளியிட்டார்கள். 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்' 1995 டிசம்பரில் வந்து பிரிட்டனின் சிங்கிள் பட்டியலில் 2ஆம் இடம் பிடித்தது. 'ரியல் லவ்' 1996 மார்ச்சில் வந்து 4ஆம் இடம். மூன்றாவதாக 'நவ் அண்ட் தென்' பாட்டைக் கையில் எடுத்தார்கள், கீழே வைத்துவிட்டார்கள்.

1995இல் ஏன் நின்றது

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மெக்கார்ட்னிக்குச் சொந்தமான ஸ்டுடியோ இருக்கிறது. பழைய காற்றாலைக் கட்டடம். 1995 மார்ச்சில் மூவரும் தயாரிப்பாளர் ஜெஃப் லினும் அங்கே இந்தப் பாட்டில் ஒன்றிரண்டு நாள் உழைத்தார்கள். ஜார்ஜ் கிட்டார் பதிந்தார். ஆனால் மூன்று இடத்தில் முட்டியது.

1. உறுமல். மலிவான கேசட் பதிவில் மின் இணைப்பின் ஓசையும் சேர்ந்து ஏறிவிடும். அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி (நம்மூரில் 50). அதனால் டேப்பில் 60 ஹெர்ட்ஸில் ஓர் அடித்தொண்டை உறுமல் இருக்கும். அது மட்டும் என்றால் வெட்டிவிடலாம். அதன் மடங்குகளும் கூடவே வரும்: 120, 180, 240. ஓர் ஆணின் பாடும் குரல் உட்கார்ந்திருக்கும் இடம் சரியாக அதுதான். உறுமலை வெட்டினால் குரலின் சதையும் கூடவே போகும்.

2. பியானோ. இதன் ஒலி எல்லை ஏறத்தாழ 27 ஹெர்ட்ஸிலிருந்து 4,186 ஹெர்ட்ஸ் வரை. அதாவது மனிதக் குரலின் அடிப்படைச் சுருதிகள் முழுவதையும் போர்வைபோல் மூடிவிடும். மெக்கார்ட்னி பின்னாளில் சொன்னதும் இதைத்தான்: குரலைக் கொஞ்சம் தூக்கலாம் என்றால் பியானோ மேலே வந்து மறைத்துவிடும். அன்றைக்குக் கையில் இருந்த முக்கியக் கருவி சமன்படுத்தி (ஈக்வலைசர்). அது அலைவரிசைகளைக் கூட்டும், குறைக்கும். இது பியானோ, இது தொண்டை என்று அதற்குத் தெரியாது.

3. பாட்டு முழுமையாக இல்லை. பல்லவி கச்சிதம், சரணங்களில் பாதி வரிகள் காலி. யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். இறந்த நண்பனின் பாட்டை முடித்து வைப்பதில் மூவருக்கும் ஒரே கருத்து இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஜார்ஜுக்குப் பிடிக்கவில்லை என்று மெக்கார்ட்னி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பாட்டு பெட்டிக்குள் போனது. லெனனின் டெமோ மட்டும் திருட்டுப் பதிவாக ரசிகர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தது. 2001இல் ஜார்ஜ் இறந்ததும், இனி முடிக்கவே முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மெக்கார்ட்னி மட்டும் அவ்வப்போது, 'அதை ஒருநாள் முடிப்பேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாம்பாரிலிருந்து உப்பை எடுத்த கதை

தொழில்நுட்பம் பிறந்தது இந்தப் பாட்டுக்காக இல்லை. பீட்டர் ஜாக்சன் என்ற நியூசிலாந்து இயக்குநர், 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகையைப் படமாக்கிய பழைய ஃபிலிம் சுருள்களிலிருந்து 'கெட் பேக்' என்ற நீண்ட ஆவணப்படத்தைத் தொகுத்தார். 2021 நவம்பரில் வெளிவந்தது. அவரிடம் இருந்தது ஏறக்குறைய 60 மணி நேரக் காட்சி, 150 மணி நேர ஒலி. ஒலியில் பெரும்பகுதி மோனோ. அதில் ஒரு வேடிக்கை உண்டு: படக்குழுவினரின் மைக் தங்கள் பேச்சைப் பிடித்துவிடக் கூடாது என்று பீட்டில்ஸ் குழுவினர் கிட்டாரைச் சும்மா மீட்டிக்கொண்டே ரகசியம் பேசுவார்களாம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜாக்சனின் ஆட்கள் கிட்டாரை உரித்து எடுத்துவிட்டு அந்தப் பேச்சைக் கேட்டார்கள்.

அதற்கு அவர்கள் உருவாக்கிய மென்பொருளுக்கு 'மால்' என்று பெயர். இயந்திரக் கற்றலைக் குறிக்கும் சுருக்கப்பெயர் என்றாலும், பீட்டில்ஸ் குழுவின் பழைய உதவியாளர் மால் எவன்ஸை நினைவுபடுத்தத்தான் அப்படி அமைத்தார்கள். ஒலிப்பிரிவில் எமில் டி லா ரே என்பவர் இந்த வேலைக்குத் தலைமை தாங்கினார்.

இத்தகைய கருவி வேலை செய்யும் விதத்தைப் படிப்படியாகச் சொன்னால்:

1. முதலில் ஒலியைப் படமாக மாற்ற வேண்டும். இடமிருந்து வலம் நேரம். கீழிருந்து மேல் சுருதி. எங்கே ஒலி பலமோ அங்கே வெளிச்சம். இதற்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். மின் உறுமல் இதில் அடியில் ஓடும் நேர்கோடாகத் தெரியும். பியானோ கட்டையை அழுத்தியதும் ஒரு கூர்மையான விளிம்பும் அதன் பின் மெல்லத் தேயும் வாலும் தெரியும். குரல் நெளியும், ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்.

2. இந்த வேறுபாட்டைக் கண் பிடிப்பதுபோல் கணினியையும் பிடிக்கப் பழக்குகிறார்கள். தனிக் குரல், தனி கிட்டார், தனி டிரம்ஸ் என்று ஏராளமான பதிவுகளைக் காட்டி, பிறகு அவற்றைக் கலந்து கொடுத்து, 'இதில் குரல் எது?' என்று கேட்டு, விடையைத் திருத்தித் திருத்திச் சொல்லிக் கொடுப்பது.

3. பழகிய பிறகு, புதிய பதிவின் படத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை பங்கு குரல், எத்தனை பங்கு பியானோ என்று அது கணக்கிடும். அந்தக் கணக்கை ஒரு சல்லடையாக வைத்து ஒலியை வடிகட்டினால் குரல் ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம்.

சமன்படுத்தி செய்ய முடியாததை இது செய்கிறது. காரணம், எந்த அலைவரிசை என்று பார்ப்பதோடு நில்லாமல், எந்த வடிவம் என்றும் பார்க்கிறது. லெனனின் கேசட்டை அதில் கொடுத்ததும், பியானோவும் உறுமலும் விலகி, குரல் தனியாக நின்றது. மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் அதைக் கேட்டபோது ஜான் பக்கத்து அறையில் இருப்பதுபோல் இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். மிகையாகச் சொன்னார்கள் என்று தோன்றவில்லை. பழைய திருட்டுப் பதிவையும் 2023 வெளியீட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதல் வரியிலேயே வித்தியாசம் தெரியும்.

பாட்டு முடியுமுன்பே இதே உத்தி இரண்டு முறை வெள்ளோட்டம் கண்டுவிட்டது. 2022 ஜூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவில் மெக்கார்ட்னி, 1969ஆம் ஆண்டுக் காட்சியிலிருந்து பிரித்தெடுத்த லெனனின் குரலோடு மேடையில் ஜோடியாகப் பாடினார். அதே ஆண்டு 1966இன் 'ரிவால்வர்' ஆல்பம் ரீமிக்ஸ் ஆகி வந்தது. அந்த ஆல்பத்தைப் பதிந்தபோது இருந்தவை நான்கே ட்ராக்குகள். டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் ஒரே ட்ராக்கில் நெருக்கியடித்திருக்கும். அவற்றைப் பிரித்த பிறகே புது மிக்ஸ் சாத்தியமானது.

ஒரே சொல், இரண்டு வேலை

2023 ஜூனில் மெக்கார்ட்னி பிபிசி வானொலியில், கடைசி பீட்டில்ஸ் பாட்டு தயாராகிறது, ஏஐ உதவியது என்று சொன்னார். நேரம் சரியில்லை. இரண்டு மாதம் முன்புதான் ட்ரேக், தி வீக்கெண்ட் ஆகிய பாடகர்களின் குரல்களை ஏஐ மூலம் போலி செய்த ஒரு பாட்டு இணையத்தில் பரவி, இசைக் கம்பெனிகள் அதை நீக்க ஓடிக்கொண்டிருந்தன. மக்கள் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். சில நாளில் மெக்கார்ட்னியே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று: செயற்கையாக எதையும் உருவாக்கவில்லை, எல்லாம் நாங்கள் வாசித்தது.

ஏஐ என்ற ஒரு பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று பிரிப்பது: இருக்கும் ஒலியிலிருந்து கழிப்பது. இன்னொன்று ஆக்குவது: ஒருவர் பாடிய மாதிரிகளை வைத்துக் குரலின் அச்சைச் செய்து, அவர் ஒருபோதும் பாடாத வரியை அந்த அச்சில் வார்ப்பது. 

தமிழ்க் கேட்பவர்களுக்கு இரண்டாவது வகை நன்றாகத் தெரியும். 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில், மறைந்த ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அந்தப் பாட்டை அந்த இருவரும் பாடியதில்லை. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். 'நவ் அண்ட் தென்' பாட்டை லெனன் பாடினார், அந்த வரிகளை, அந்த மூச்சோடு. இரண்டையும் ஒரே வரியில் எழுதும் செய்தி, பழைய பட நெகட்டிவைக் கழுவிச் சுத்தம் செய்தவரையும் புதுப்படம் வரைந்தவரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

2022: யார் என்ன வாசித்தார்கள்

குரல் கையில் கிடைத்ததும் மீதி வேலை பழைய முறையிலேயே நடந்தது. மெக்கார்ட்னியும் ஜைல்ஸ் மார்ட்டினும் தயாரிப்பு. ஜைல்ஸ், பீட்டில்ஸ் குழுவின் அசல் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன். ஜெஃப் லினின் 1995 வேலைக்கும் அதில் பெயர் உண்டு.

1. லெனன்: 1970களின் கேசட்டிலிருந்து பிரித்த குரல்.

2. ஹாரிசன்: 1995இல் வாசித்த அகூஸ்டிக், எலக்ட்ரிக் கிட்டார்கள்.

3. மெக்கார்ட்னி: பேஸ், பியானோ, எலக்ட்ரிக் ஹார்ப்ஸிகார்ட், கூடவே பாடும் குரல். லெனன் வாசித்த பியானோ குரலிலிருந்து விலக்கப்பட்டுவிட்டதால், அவர் வாசித்த விதத்தை ஒட்டியே புதிதாக வாசித்தார். நடுவில் வரும் ஸ்லைடு கிட்டாரும் அவருடையதே. ஸ்லைடு என்பது நரம்பின் மேல் உலோக அல்லது கண்ணாடிக் குழலை வழுக்கி, சுருதியை இழைத்து வாசிப்பது. கிட்டத்தட்ட நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவது மாதிரி. அது ஜார்ஜின் முத்திரை; அவருக்கு மரியாதையாக அந்தப் பாணியில் வாசித்ததாக மெக்கார்ட்னி சொன்னார்.

4. ரிங்கோ: புதிதாகப் பதிந்த டிரம்ஸும் குரலும்.

அடுத்து வயலின், செல்லோ. லாஸ் ஏஞ்சலஸில் கேப்பிட்டல் ஸ்டுடியோவில் 2022இல் பதிந்தார்கள். வாத்தியக்காரர்களிடம் இது பீட்டில்ஸ் பாட்டு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று மாலையே ஊருக்குத் தெரிந்திருக்கும். மெக்கார்ட்னியின் ஏதோ ஒரு பாட்டு என்ற பாவனையில், 'கிவ் அண்ட் டேக்' என்ற பொய்ப்பெயர் போட்ட இசைத்தாள் கொடுத்தார்கள். அதைப் பார்த்து வாசித்துவிட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தாங்கள் வாசித்தது எந்தப் பாட்டு என்பது வெகு மாதங்களுக்குப் பிறகே தெரிந்தது.

சண்டை போட வேண்டிய இடங்கள்

'இது அசல் பீட்டில்ஸா?' என்று கேட்பவர்கள் குரலைச் சந்தேகிக்கிறார்கள். சந்தேகம் வேண்டாத ஒரே பகுதி அதுதான். கேள்வி கேட்க வேண்டிய முடிவுகள் மூன்று. மூன்றையும் எடுத்தவர்கள் மனிதர்கள்.

முதலாவது, வெட்டு. லெனனின் டெமோவில் பல்லவிக்கு முன் இன்னொரு பகுதி உண்டு, நம் பாட்டில் அனுபல்லவி வரும் இடம் மாதிரி. உன்னை இழக்கப் பயமாக இருக்கிறது என்ற தொனியில் சுருதி ஏறி அலையும். வரிகள் அரைகுறை. 2023 வெளியீட்டில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். பாட்டு இறுக்கமாகி, நான்கு நிமிடச் சொச்சத்தில் முடிகிறது. டெமோவைப் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியவர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. டெமோவின் மிக விநோதமான, மிக லெனன்தனமான திருப்பம் அதுதான். அது போன பிறகு மிஞ்சுவது அழகான, ஆனால் கொஞ்சம் அடக்கமான பாட்டு. இதில் ஏஐ எதுவும் செய்யவில்லை. பழைய கத்திரிக்கோல்.

இரண்டாவது, பின்னணிக் கோரஸ். பாட்டில் மிதந்து வரும் 'ஆ' என்ற குரல்களில் சில, குழுவின் பழைய பதிவுகளிலிருந்து எடுத்து ஒட்டியவை: 1966இன் 'எலினோர் ரிக்பி', 'ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்', 1969இன் 'பிகாஸ்'. அந்தக் குழுவினரின் குரல்தான். ஆனால் வேறு பாட்டுக்காக, வேறு நாளில் பாடியது. லெனனின் குரலைச் சுத்தம் செய்ததைவிட இது பெரிய தலையீடு என்பது என் எண்ணம். இதையும் தலைப்புச் செய்தியாக்க யாரும் முன்வரவில்லை. ஜைல்ஸ் மார்ட்டின் 2006இல் 'லவ்' என்ற மேடைக் காட்சிக்காகத் தந்தையோடு சேர்ந்து பீட்டில்ஸ் பாட்டுகளை வெட்டி ஒட்டியவர். அந்தக் கைப்பழக்கம் இங்கேயும் தொடர்கிறது.

மூன்றாவது, ஜார்ஜ். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

வெளியீடு: முதலும் கடைசியும் ஒரே தட்டில்

2023 நவம்பர் 1 அன்று, பாட்டு உருவான கதையைச் சொல்லும் 12 நிமிடக் குறும்படம் வந்தது. மறுநாள் பாட்டு. அதற்கு மறுநாள் பீட்டர் ஜாக்சன் இயக்கிய வீடியோ. நவம்பர் 10 அன்று, 1973இல் முதலில் வந்த சிவப்பு, நீலத் தொகுப்பு ஆல்பங்கள் விரிவாக்கப்பட்டு மறுபடி வந்தன. நீலத்தில் புதுப்பாட்டும் இடம்பெற்றது. சிங்கிளின் உறையை வடிவமைத்தவர் அமெரிக்க ஓவியர் எட் ரூஷே. வரிசையைப் பார்த்தாலே தெரியும், இது ஒரு பாட்டின் வெளியீடு மட்டும் இல்லை, பழைய சரக்கு முழுவதையும் கடை முன்னால் கொண்டுவந்து அடுக்கும் ஏற்பாடு. வியாபாரம் என்று குறை சொல்லலாம். அவர்கள் எப்போதுமே நல்ல வியாபாரிகள்.

சிங்கிளின் மறுபக்கம்தான் சுவாரசியம். டபுள் ஏ-சைடாக அவர்கள் வைத்தது 'லவ் மீ டூ', 1962 அக்டோபர் 5 அன்று வந்த முதல் சிங்கிள். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒரே தட்டில். இந்த முறை 'லவ் மீ டூ' ஸ்டீரியோவில், அதாவது இடது, வலது என்று ஒலி இரண்டு பக்கமாகப் பிரிந்து கேட்கும் வடிவில். அதன் மூல ட்ராக் டேப்புகள் இன்று இல்லை. மோனோவாகக் கலந்து முடித்த வடிவம் மட்டுமே மிஞ்சியது. அப்படியானால் ஸ்டீரியோ எப்படி வந்தது? அதே பிரிக்கும் உத்தியால்தான். டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஹார்மோனிகா, குரல்கள் என்று ஒரு குழு முழுவதையும் ஒற்றை மோனோ பதிவிலிருந்து உரித்தெடுத்திருக்கிறார்கள். கேசட்டிலிருந்து ஒரு குரலைப் பிரிப்பதைவிட இது கடினமான வேலை. அதாவது, அந்தத் தட்டில் ஏஐ அதிகம் உழைத்தது 'ஏஐ பாட்டு' என்று பெயர் வாங்கிய பக்கத்துக்காக இல்லை.

'நவ் அண்ட் தென்' நவம்பர் 10 அன்று பிரிட்டன் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அந்தக் குழுவுக்கு அங்கே இது 18ஆவது முதலிடம். முந்தையது 1969இல், இடைவெளி 54 ஆண்டு. முதல்முறை முதலிடம் பிடித்தது 1963இல். அதிலிருந்து கணக்கிட்டால் 60 ஆண்டு. இரண்டுமே அந்தப் பட்டியலில் சாதனை. அமெரிக்காவில் 7ஆம் இடம் வரை போனது.

கிராமி விதியில் இது எப்படிச் செல்லும்?

கிராமி விருதை நடத்தும் ரெக்கார்டிங் அகாடமி 2023இல் விதியைத் தெளிவாக்கியது. விருதுக்கு மனிதப் படைப்பாளிகளே தகுதி உள்ளவர்கள். மனிதர் பங்கே இல்லாத படைப்பு எந்தப் பிரிவிலும் நுழைய முடியாது. ஏஐ பயன்பட்ட படைப்பு நுழையலாம், ஆனால் எந்தப் பிரிவில் போட்டியிடுகிறதோ அதில் மனிதரின் பங்கு உருப்படியாக இருக்க வேண்டும். 'நவ் அண்ட் தென்' போட்டியிட்டது நிகழ்த்துதல் பிரிவில்: பாடியது லெனன், வாசித்தது மற்ற மூவர். விதிக்குள் சிக்கலே இல்லை. ஆண்டின் சிறந்த பதிவு என்ற பெரிய பிரிவுக்கும் பரிந்துரையானது, அது கிடைக்கவில்லை.

இந்த விருதைக் காட்டி, ஏஐ பாடினாலும் கிராமி உண்டு என்று நாளை யாராவது வாதிட்டால், அது பொருந்தாது. குரலை ஆக்கும் வகைப் பாட்டுகளுக்கு இது முன்னுதாரணம் ஆகாது. நிகழ்த்துதல் பிரிவில் பாடியது யார் என்ற கேள்விக்கு அங்கே வேறு விடை வேண்டும்.

ஜார்ஜின் சம்மதம்

மிஞ்சியது மூன்றாவது முடிவு. பிரிக்கும் கருவி வந்த பிறகு, பெட்டிக்குள் கிடக்கும் எந்த டெமோவையும் வெளியே எடுக்கலாம். தொழில்நுட்பம் தடையாக இருந்தவரை கேள்வி எழவில்லை. இப்போது எழுகிறது: பாடியவர் வேண்டாம் என்று வைத்ததை யார் எடுப்பது?

லெனன் பக்கம் யோகோவும் ஷானும் ஒப்புக்கொண்டார்கள். டேப்பைக் கொடுத்ததே யோகோ. ஜார்ஜ் விஷயம் அவ்வளவு எளிது இல்லை. அவர் 1995இல் உயிரோடு இருந்தபோதே வேலையை நிறுத்தச் சொன்னவர். பாட்டு பிடிக்காமல், குப்பை என்ற பொருளில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னார் என்பது மெக்கார்ட்னி முன்பு சொன்னது. அவர் மனைவி ஒலிவியா 2023இல் சொன்னது வேறு: பதிவின் தொழில்நுட்பக் கோளாறைத் தீர்க்க முடியாது என்று ஜார்ஜ் நினைத்தார்; இன்று இருந்திருந்தால் பாலோடும் ரிங்கோவோடும் அவர் முழு மனதோடு சேர்ந்திருப்பார் என்பது எனக்கும் மகன் தானிக்கும் தெரியும். (த, நி என்ற இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து மகனுக்கு தானி என்று பெயர் வைத்தவர் ஜார்ஜ்.) பாட்டு மோசமா, பதிவு மோசமா? அவர் எதைக் குப்பை என்றார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதிவைத்தான் சொன்னார் என்றால் கோளாறு இன்று தீர்ந்துவிட்டது. பாட்டைச் சொன்னார் என்றால் எந்த மென்பொருளும் அதற்கு விடை தராது.

சட்டப்படி முடிவு வாரிசுகளுடையது. ஒலிவியா சரி என்றார். அதற்குப் பின்னால் ஒரு கடிகாரக் கதையும் உண்டு. ஜார்ஜ் 1990களில் ஒரு கடையில் கைவேலைக் கடிகாரம் ஒன்றை வாங்கி வந்தார். கிறிஸ் கிஃபின் என்ற கலைஞர் செய்தது, எழுத்துக் கட்டைகள் ஒட்டியது. அது பல ஆண்டுகள் அவர்கள் வீட்டில் இருந்தது. 2022இல் மெக்கார்ட்னி தொலைபேசியில் அழைத்து, அந்தப் பாட்டை முடிக்கலாமா என்று ஒலிவியாவிடம் கேட்டபோது, கடிகாரம் அவர் கண்ணெதிரே இருந்தது. கட்டைகளில் இருந்த சொற்கள் 'நவ் அண்ட் தென்'. சிங்கிளின் பின்னுறையில் அந்தக் கடிகாரத்தின் படம்தான் இருக்கிறது.